பிடி என்றால் விடு

மைசூரில் எங்கள் விஜயநகர் பூங்காவில் காலை நடை போகும் ஓய்வுபெற்றவர்களில் மூன்று வகை உண்டு. பென்ஷன் வாங்குபவர்கள், பென்ஷன் இல்லாதவர்கள், வீடியோ காலில் ஓய்வுபெற்றவர்கள். நான் மூன்றாவது வகை. முதல் வகையினர் வேகமாக நடக்கிறார்கள், நீண்ட காலம் பென்ஷன் வாங்க வேண்டுமல்லவா? நாங்கள் மெதுவாகத்தான் நடக்கிறோம். நடந்து முடித்து வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

"ரிடையர்டா? இஷ்டு பேகா?" என்று கன்னடத்தில் ஆச்சரியப்படுகிறார்கள். இவ்வளவு சீக்கிரமா என்று அர்த்தம். ஆமாம், எங்கள் கம்பெனி எல்லாவற்றிலும் வேகம் என்கிறேன். பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

பழைய அலுவலகத் தோழர்களின் வாட்ஸாப் குழு ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் அதில் பிறந்தநாள் கேக் படங்கள் வரும். இப்போது "இன்று என் முறை" என்று வருகிறது, அதன் கீழே எல்லோரும் கைகூப்பும் பொம்மை போடுகிறார்கள். சென்ற வாரம் திவ்யா என்ற பெண், என்னிடம் வேலை பார்த்தவள், எழுதியிருந்தாள்: "மேடம், நீங்க மேஜைக்கு அந்தப் பக்கமும் உக்காந்திருக்கீங்க, இந்தப் பக்கமும் உக்காந்திருக்கீங்க. உங்க அனுபவத்தை எழுதுங்களேன்." 'நீயும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியவள்தானே' என்பதை இதைவிட நாகரிகமாக யாராலும் சொல்ல முடியாது. எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், என் பெயர் உட்பட. இதில் என் பெயர் சுமதி.

முதலில் இந்தப் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது சின்னது.

போன வருஷம் ஒரு நாள், வீட்டிலிருந்து வேலை. ஒரு மீட்டிங்கைக் காதில் மாட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். இன்னொரு மீட்டிங்குக்கு அழைப்பு வந்தது. தலைப்பு, "ஒரு சிறிய உரையாடல்". உள்ளே போனேன். ஒரு பெண் குரல், புனேயிலிருந்து பேசுவதாகச் சொன்னது. முகம் இல்லை, கேமரா அணைந்திருந்தது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. நலமாகத்தான் இருந்தேன், அதுவரைக்கும்.

குரல் வாசித்த முதல் வாக்கியத்திலேயே எனக்கு மீதி மூன்றும் தெரிந்துவிட்டன. அதே நான்கு வாக்கியங்களை நானே எத்தனையோ பேருக்கு வாசித்திருக்கிறேன். வேலை போகும் நேரத்தில்கூட நமக்கென்று புதிதாக ஒரு வரி எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். எந்த இன்ஜினியரை எந்தப் புராஜெக்டில் போடுவது, யார் வேலையில்லாமல் பெஞ்சில் இருக்கிறார்கள், யாரை எங்கே மாற்றுவது என்று பார்ப்பது. ஏறக்குறைய கல்யாணத் தரகு. அதை இப்போது ஒரு ஏஐ செய்கிறது. அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். "இவரை ஏன் இந்தப் புராஜெக்டுக்குத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று அது திரையில் கேட்கும். நான் பொறுமையாகப் பதில் அடிப்பேன். கெட்டிக்கார மாணவன். குருதட்சிணையையும் என்னிடமிருந்தே வாங்கிக்கொண்டது.

அந்த அழைப்பு முடிந்த கையோடு லேப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டது. பீன்ஸ் பாதி மிச்சமிருந்தது, அதையும் நறுக்கி முடித்தேன். பேங்க் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் என் கணவர் (அவர் பூங்காவில் முதல் வகை) பொரியல் நன்றாக இருப்பதாகச் சொல்லி இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். அவர் கை கழுவி வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்ட பிறகுதான் இப்படிப்பட்ட செய்தியைச் சொல்ல வேண்டும் என்பது நான் ஸ்ரீகண்டா சாரிடம் பார்த்துப் பழகியது.

ஸ்ரீகண்டா சார் எங்கள் மைசூர் கிளைக்குத் தலைவராக இருந்தவர். இந்த ஊர்க்காரர். நான் தர்மபுரியில் பிறந்து, சேலத்தில் எம்சிஏ படித்து, கல்யாணமாகி மைசூர் வந்து, வந்த கையோடு அந்தக் கம்பெனியில் சேர்ந்தவள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏசி அறையில் தூங்காமல் இருக்கப் பயிற்சி எடுத்தோம், அவ்வளவுதான். அதில் சொல்லத்தக்க ஒரே சம்பவம் லிஃப்டில் நடந்தது.

நான் சேர்ந்த புதிது. கன்னடம் சுத்தமாக வராது. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது, ஓடிப்போய் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துவிட்டேன். செக்யூரிட்டி ரங்கசாமி அலறிக்கொண்டு வந்தார். "பிடி மேடம், பிடி! பிடி!" அவர் அலற அலற நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். லிஃப்ட் கூக்குரல் போட்டு, ஒரு குலுக்கு குலுக்கி, பாதிக் கதவோடு நின்றுபோனது. கன்னடத்தில் 'பிடி' என்றால் விடு என்று அர்த்தம். பிடி என்பதற்கு அவர்கள் 'ஹிடி' என்பார்கள். தங்கள் 'பிடி'யின் முதலெழுத்தை அவர்கள் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள், அதைத் தமிழில் எழுதிக் காட்டக்கூட வழியில்லை. எழுதினால் நம் பிடியும் அவர்கள் பிடியும் ஒன்றுதான்.

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றவர் ஸ்ரீகண்டா சார். மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை பாதிக் கதவு வழியாக என்னிடம் ஊர், படிப்பு, மாமியார் எல்லாம் விசாரித்தார். வெளியே வந்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார். சாப்பாடு ஆச்சா என்று. திட்டுவதற்கு முன்னால் கேட்கும் கேள்வி என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை, கேண்டீனைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குப் 'பிடி மேடம்' என்று பெயர். கன்னடம் இரண்டு வருஷத்தில் வந்துவிட்டது. பெயர் போகவில்லை.

அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. முடியாது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. "நோடோணா" என்பார், பார்க்கலாம் என்று. மைசூரில் நோடோணா என்றால் முடியாது என்று தெரிந்துகொள்ளச் சிலருக்கு ஒரு வருஷம் பிடித்தது, டெல்லியிலிருந்து வந்த ஒருவர் கடைசிவரை காத்திருந்தார். அலுவல் விஷயமென்றால் சார் ஆங்கிலத்தில்தான் பேசுவார். கன்னடம் சாப்பாட்டுக்கும் குடும்பத்துக்கும் மட்டும். நான் இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன்.

ஆட்குறைப்பு என்ற வியாதி எங்கள் கிளைக்கு வந்தபோது அதற்கு ஒரு செய்முறையும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. எங்கள் மீட்டிங் அறைகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். காவேரியில் வாடிக்கையாளர்கள், ஹேமாவதியில் பிறந்தநாள் கேக், ஆட்களை அனுப்புவதற்குக் கபினி. அங்கே மேஜைமேல் ஒரு டிஷ்யூ பெட்டி, மூடி திறக்காத ஒரு தண்ணீர் பாட்டில். போகிறவர் உள்பக்க நாற்காலியில், ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும், வெளியே நடமாடுபவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க. வாசிப்பவர் கதவோரம் உட்கார வேண்டும், அவசரமென்றால் எழுந்து ஓட. வெளியே ரங்கசாமி நிற்பார், எதுவும் தெரியாதவர் போல. அறையில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், தனியாக யாரும் யாரையும் அனுப்பக் கூடாது.

வாசிக்க நான்கு வாக்கியம். இது உங்களுக்குக் கடினமான செய்தி. தேவையற்றுப் போனது உங்கள் பதவிதான், நீங்கள் அல்ல. இந்த முடிவு இறுதியானது. உங்கள் எதிர்காலத்துக்கு எங்கள் வாழ்த்துகள். இதற்குமேல் ஒரு சொல் பேசக் கூடாது. 'ஸாரி' கூடவே கூடாது, அது தவற்றை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வக்கீல்கள் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வாக்கியத்தை எழுதியவருக்கு ஒரு விருது கொடுக்கலாம். பதவி மட்டும் போகிறதாம், ஆள் போகவில்லையாம். பிறகு ஏன் ஆளிடமிருந்து அடையாள அட்டையை வாங்குகிறார்கள்?

இந்தச் செய்முறையில் சார் சேர்த்தது ஒன்றே ஒன்று. வெறும் வயிற்றில் யாரும் இதைக் கேட்கக் கூடாது. பெங்களூரில் காலை வந்ததும் அனுப்பிவிடுவார்கள். மைசூரில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, தயிர்சாதம் உள்ளே இறங்கி, மூன்று மணிக்கு மேல்தான். அதற்கு முன்னால் சார் அவர்கள் மேஜைக்கே போய், "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டுவிட்டு வருவார். இந்த ஊரில் நல்லதுக்கும் கெட்டதுக்கும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்வி அது. எங்கள் மாடியில் மட்டும் அது யாரும் காதில் வாங்க விரும்பாத கேள்வியாகிவிட்டது. "இன்னும் இல்ல சார்" என்று சாயங்காலம்வரை பட்டினி கிடந்து ஒரு நாளைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. ஒருவர் வெள்ளிக்கிழமை விரதம் என்றார். அவரைத் திங்கட்கிழமை அனுப்பினோம், வயிறு நிறைந்திருந்தது.

நான் அந்தக் காலத்தில் சாரைக் கோழை என்றுதான் நினைத்தேன். வீட்டில் வந்து அப்படியே சொல்லவும் செய்தேன். கழுத்தை அறுப்பதற்கு முன்னால் காபி கொடுக்கும் பண்பாடு என்று கிண்டல் செய்வேன். தலைமை அலுவலகத்திடம் ஒருமுறையாவது முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே? அங்கேயும் நோடோணா, இங்கேயும் நோடோணா.

இனி முருகேசன்.

முருகேசன் மார்டள்ளிக்காரன். தமிழ்நாட்டு எல்லையோரம், கர்நாடகத்துக்குள் இருக்கும் பெரிய தமிழ் ஊர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கம்ப்யூட்டரில் ஆங்கிலம். அமெரிக்காவில் ஒரு மருத்துவ இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அங்கே யாருக்கோ குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரிச் செலவு தடையில்லாமல் அனுமதியாகிறதா என்று இவன் இங்கே உட்கார்ந்து சரிபார்ப்பான். அந்த ஒப்பந்தம் முடிந்துபோனது. அதில் இருந்தவர்கள் பெஞ்சுக்கு வந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்களைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

உத்தரவு வந்த வாரம் அவன் என் மேஜைக்கு வந்து நின்றான்.

"மேடம், ஒண்ணு கேக்கோணுங்க."

"சொல்லுப்பா."

"பையன் பொறந்திருக்கானுங்க. ஏழு மாசத்துலயே பொறந்துட்டான். கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. மூச்சுக்கு மிசினுங்க. என்ற ஒரு கைக்குள்ள அடங்கிப் போயிருவான் மேடம், அத்தனூண்டு."

எனக்கு வாழ்த்துச் சொல்வதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டும் சொல்லாமல் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எம்பேரு இருக்குதுங்களா?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாது முருகேசன்."

"வேல போறதப் பத்தி பயமில்லீங்க. ஊர்ல காடு கெடக்குது, மக்காச்சோளம் போட்டாவது பொழச்சுக்குவேன். அவன் வெளிய வர்ற வரைக்கும் இந்தக் கார்டு மட்டும் இருக்கோணுங்க. இது இல்லீன்னா வேற ஆசுபத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுவாங்க. மிசினக் கழட்டிட்டு எப்படிங்க கொண்டு போறது?"

கையில் வைத்திருந்தது கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு. வேலை போகும் நாளோடு அதுவும் போகும். அமெரிக்கக் குழந்தைகளுக்கு இரண்டு வருஷம் அனுமதி வாங்கிக் கொடுத்தவன் தன் குழந்தைக்காக என் முன்னால் நின்றுகொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் வருவதற்கு முன்னால் கம்பெனிமேல் ஆத்திரம் வந்தது.

சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

"நோடோணா," என்றார்.

நான் கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்திவிட்டு வந்தேன்.

இறுதிப் பெயர்களை மெயிலில் எழுதக் கூடாது என்பது வக்கீல்களின் இன்னொரு கட்டளை. தலைவர் வாயால் சொல்ல வேண்டும், நான் கேட்டு அன்று மாலைக்குள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதன்பிறகு அது பூட்டிக்கொள்ளும். அன்றைக்குச் சார் பெங்களூரில் மீட்டிங் முடிந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தார். போனில் ஒவ்வொரு பெயராக நான் படித்தேன்.

"ரிலீஸ்," என்றார். அடுத்த பெயர். "ரிலீஸ்." அடுத்தது. "ரிலீஸ்." எங்கள் தொழிலில் வேலையை விட்டு எடுப்பதற்குச் சினிமாவுக்குச் சொல்வதுபோல ரிலீஸ் என்றுதான் சொல்வார்கள்.

"முருகேசன்," என்றேன்.

லாரி ஹாரன் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"பிடி அம்மா," என்றார். "அவனன்ன பிடி."

ரிலீஸ் என்பதையே கன்னடத்தில் சொல்கிறார், அவனை வேலையிலிருந்து விட்டு அனுப்பு என்று. எனக்குப் புரியாமலா? அத்தனை வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவள். கன்னடத்தில் கனவே வரும் எனக்கு. ஆனால் அந்த ஒரு விநாடி நான் தர்மபுரியிலிருந்து அன்று காலைதான் பஸ்ஸில் வந்து இறங்கியவளாகிவிட்டேன்.

"சரி சார், பிடிச்சுக்கறேன்," என்று சுத்தமான தமிழில் சொன்னேன்.

மறுபடியும் லாரி ஹாரன்.

"நெக்ஸ்ட்," என்றார்.

முருகேசன் பெயரை நான் ஏற்றவில்லை. மாலையில் அது பூட்டிக்கொண்டது.

மறுநாள் காலை சார் கூப்பிட்டார். எதிரில் உட்காரச் சொன்னார்.

"முருகேசன் பெயர் உள்ளே போகலையே அம்மா?"

"நீங்கதானே சார் பிடின்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"தமிழ்ல பிடின்னா போகவிடாம வெச்சுக்கோன்னு அர்த்தம் சார்."

என் முகத்தையே பார்த்தார். அதற்கு முந்தைய ஆயுதபூஜைக்கு அக்ரஹாரக் கடைத்தெருவில் பூசணிக்காய்க்காரனோடு நான் கன்னடத்தில் போட்ட சண்டையைப் பக்கத்துக் கடையில் நின்று முழுவதும் கேட்டவர் அவர். "உங்க கன்னடம் எங்க வீட்டம்மாவோடதைவிடச் சூடா இருக்கு" என்று சொன்னவரும் அவர்தான்.

"அப்படியா? நல்ல பாஷை," என்றார்.

உடனே மும்பையிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மொழிக் குழப்பத்தால் ஒரு பெயர் விடுபட்டுவிட்டது, இந்த அம்மா தமிழ்நாட்டுக்காரர், முன்பே இப்படி ஒரு லிஃப்டையே நிறுத்தியிருக்கிறார் என்று லிஃப்ட் கதை முழுவதையும் விளக்கினார். மும்பையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. தமிழ்க்காரிக்கு வேறு பாஷை வராது என்பதை நம்புவதற்கு இந்த நாட்டில் யாருக்கும் சிரமமில்லை. எத்தனையோ வருஷம் எரிச்சலூட்டிய அந்த நம்பிக்கை அன்று ஒருநாள் எனக்கு உபயோகப்பட்டது.

சிரித்து முடித்துவிட்டு மும்பை சொன்னது: "பரவாயில்லை. ஆனால் மைசூரில் ஒரு எண்ணிக்கை குறைகிறது. மாதக் கடைசிக்குள் ஒருவர்."

அந்த ஒருவர் யாரென்று எனக்குத் தெரியும், சாருக்கும் தெரியும். பையன் இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தான். முருகேசன் தினமும் சாயங்காலம் என் மேஜைப் பக்கமாக வந்து, "நூறு கிராம் கூடியிருக்கானுங்க," என்பதுபோல ஏதாவது சொல்லிவிட்டுப் போவான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. மாதக் கடைசி நெருங்க நெருங்கத் தூக்கம் போனது. இவ்வளவு புத்திசாலித்தனம் செய்து நான் சாதித்தது சில வார அவகாசம், அவ்வளவுதானே? இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என்னை யாரும் தியாகி என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஒருவர் நானாக இருக்கலாமே என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

மாதக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் சார் என் மேஜைக்கு வந்தார்.

"ஊட்டா ஆய்த்தா?"

அந்த ஒருவர் நான்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆச்சு சார் என்றேன், பொய் சொல்லத் தோன்றவில்லை. மூன்று மணிக்குக் கபினிக்கு வரச் சொன்னார். போகும் வழியில் ரங்கசாமி நின்றிருந்தார், எதுவும் தெரியாதவர் போல. அன்று அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது.

கதவைத் திறந்தால் சார் உள்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஜன்னலைப் பார்த்து. கதவோர நாற்காலி காலியாக இருந்தது. அதன் எதிரில் அந்த நான்கு வாக்கியங்கள் அச்சடித்த தாள்.

"ஓதம்மா," என்றார். படி என்று.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான். செய்முறைப்படி இரண்டு பேர் இருக்கணுமே. எனக்கு நானே வாசிச்சுக்க முடியுமா?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கொஞ்சம் அவசரமாக, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி விளக்கினார். மும்பைக்கு வேண்டியது ஒரு தலை. எந்தத் தலை என்று அவர்கள் சொல்லவில்லை. இவருடைய சம்பளத்துக்கு முருகேசனைப்போல ஐந்தாறு பேரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். ஓய்வுக்கு இன்னும் சில வருஷம்தானே இருக்கிறது, நஞ்சன்கூடு பக்கம் தென்னை இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"சார், உங்களுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சு ஒரு வருஷம்கூட ஆகல. உங்க கார்டும்தானே போயிடும்?"

"எனக்கென்ன? நான் கண்ணாடிப் பெட்டிக்குள்ளயா இருக்கேன்?"

கதவோர நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு கேட்டேன், "அன்னைக்கு எல்லாப் பேருக்கும் ரிலீஸ்னு சொன்னீங்க. முருகேசனுக்கு மட்டும் ஏன் சார் கன்னடத்துல சொன்னீங்க?"

"ஹௌதா?" என்றார். அப்படியா என்று. "நினைவில்லையே அம்மா."

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வாசித்தேன். இது உங்களுக்குக் கடினமான செய்தி. தேவையற்றுப் போனது உங்கள் பதவிதான், நீங்கள் அல்ல. அந்த வாக்கியத்தை அத்தனை பேருக்கு வாசித்ததில் அன்று ஒரு தடவைதான் அது உண்மையாக இருந்தது. மூன்றாவது வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். அனுப்புகிறவளுக்கு அனுப்பப்படுகிறவர் டிஷ்யூ கொடுப்பது செய்முறையில் இல்லை.

வெளியே வருமுன் ஒரு நிபந்தனை போட்டார். யாருக்கும் தெரியக் கூடாது, முருகேசனுக்குக் கண்டிப்பாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுவான், நாளைக்கு நல்ல வேலை கிடைத்தாலும் நன்றிக்காக இங்கேயே கிடப்பான், எதற்கு என்றார். நான் இத்தனை வருஷம் சொல்லவில்லை, இப்போதும் பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். முருகேசனும் அங்கேயே கிடக்கவில்லை, இப்போது வேறொரு கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறான். அங்கே யாருக்காவது நான்கு வாக்கியம் வாசித்துக்கொண்டிருப்பான்.

சாரின் விடைபெறும் விருந்து ஒரு மத்தியானம், கேண்டீனில் நடந்தது. விருப்ப ஓய்வு என்று அறிவித்திருந்தார்கள். மும்பையிலிருந்து ஒரு பூங்கொத்து வந்திருந்தது, அதிலும் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். பிசிபேளேபாத், மைசூர்பாக், பேச்சுகள். அவர் அதிருஷ்டசாலி, சரியான நேரத்தில் கௌரவமாக வெளியேறுகிறார் என்று எல்லோரும் பேசினார்கள். நானும் மேடையேறி அதையே பேசினேன்.

முருகேசன் தட்டோடு எங்கள் பக்கம் வந்தான். பையன் அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தான். முகத்தில் மாதக்கணக்கில் இல்லாத தெளிவு இருந்தது. சார் பக்கத்தில் நிற்பதைக் கவனித்தும் கவனிக்காதவன்போல, கேட்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாக என்னிடம் சொன்னான்.

"பெரிய தலைங்களுக்கு என்னங்க மேடம் கவல? வேணும்கற மட்டும் இருந்துட்டு, மால போட்டுக்கிட்டு, சொகமா வெளிய போயிக்கறாங்க. மாட்டிக்கறது எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்கதானுங்க."

எனக்குக் கை துறுதுறுத்தது. அந்தத் தட்டை வாங்கி அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். சார் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"நிஜ கணப்பா," என்றார் அவனிடம். உண்மைதான் அப்பா என்று. "பையன் படம் இருக்கா?"

முருகேசனுக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினான். மூக்கில் குழாய் இல்லாத குழந்தை, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு. சார் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். யாரோ மாலையோடு வந்து கூப்பிட்டார்கள், அவர் திரும்பவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

முருகேசன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு என் காதருகே குனிந்தான்.

"மேடம், சார் அழுவறாருங்களா?"

"தெரியலப்பா."

"பாவமுங்க," என்றான் நிஜமான வருத்தத்தோடு. "என்ன இருந்தாலும் இத்தன பெரிய வேலய விட்டுட்டுப் போறாருல்ல. அதானுங்க."

"ஆமாம்ப்பா, அதான்," என்று சொல்லி அவன் தட்டை அவனிடமே கொடுத்தேன்.